குழாயில் சுத்தம், குடத்தில் கிருமி

ஏழை நாடுகளில் குழந்தைகளுக்கு வரும் வயிற்றுப்போக்கு என்றதும் கிணறு, குழாய் என்றே பேசுகிறோம். பிடிக்கும்போது தண்ணீர் சுத்தமாகவே இருக்கட்டும். வீட்டில் கழுவாத கை ஒன்று குடத்துக்குள் போனால் போதும், கிருமி கலந்துவிடும். வாய் குறுகிய, குழாய் வைத்த பாத்திரம் இதைப் பெருமளவு தடுக்கும்.

ஆனால் 2018-இல் வெளியான பெரிய ஆய்வுகளைப் பாருங்கள். வங்கதேசத்தில் கைகழுவுதலும் மேம்பட்ட கழிப்பறையும் வயிற்றுப்போக்கைக் குறைத்தன. கென்யாவில் அதே மாதிரி முயற்சிகள் குறைக்கவில்லை. வீட்டுக்கொரு கழிப்பறை, ஒரு புட்டி குளோரின் என்று கொடுத்துக் கணக்குக் காட்டுவது சுலபம்தான். கோழி எச்சம் கிடக்கும் மண்தரையில் தவழும் குழந்தைக்கு அது எப்படிப் போதும்?

சரி, நல்ல தண்ணீர் வரும்வரை? வயிற்றுப்போக்கைத் தரும் ரோட்டா வைரஸுக்கு எதிரான தடுப்பூசி; வயிற்றுப்போக்கு வந்துவிட்டால் ஓஆர்எஸ் எனும் உப்பு-சர்க்கரைக் கரைசல், 10 முதல் 14 நாள் துத்தநாக மாத்திரை. இவற்றுக்குக் குழாய் வரக் காத்திருக்க வேண்டியதில்லை.