பந்து தேய்த்ததும் நான் தேய்த்ததும்

சென்ற வாரம் என் பூல் கியூவின், அதாவது மேசைப் பந்தாட்டக் கோலின், நுனியில் இருந்த பழைய டிப்பை பிளேடால் சீவி எடுத்தபோது, ஒட்டிய நாளில் ஆறு மில்லிமீட்டர் உயரம் இருந்த அந்தத் தோல் வில்லையில் ஒன்றரை மில்லிமீட்டர்கூட மிஞ்சியிருக்கவில்லை. குறைந்ததில் பெரும்பகுதியைப் பந்து தேய்க்கவில்லை. உப்புத்தாளை வைத்துக்கொண்டு நானே தேய்த்துத் தீர்த்திருக்கிறேன்.

டிப் வெள்ளைப் பந்தைத் தொட்டிருக்கும் நேரம் ஒரு விநாடியின் ஆயிரத்தில் ஒன்றிரண்டு பங்குதான். அதற்குள் அமுங்கி மீளும் தோலின் நார்கள் ஒவ்வொரு முறையும் பழைய நிலைக்கு முழுமையாகத் திரும்புவதில்லை. நடுப்பகுதி இறுகித் தட்டையாகிறது. அமுங்கிய தோல் போக்கிடமின்றி, சுத்தியலடி பட்ட முளைக்குச்சியின் தலையைப் போல, பூணுக்கு (டிப்பின் அடியில் கோலின் முனையைச் சுற்றியிருக்கும் வளையத்துக்கு) வெளியே பிதுங்கி விரிகிறது. ஒரே துண்டுத் தோலில் செய்த மென்மையான டிப்களில் இது விரைவாகவும், மெல்லிய பன்றித்தோல் அடுக்குகளைப் பசையிட்டு ஒட்டிய டிப்களில் மெதுவாகவும் நடக்கும். பந்துக் குவியலைச் சிதறடிக்கும் முதல் அடியான பிரேக்கையும் அதே கியூவால் அடிப்பவருக்கு எந்த டிப்பும் நெடுநாள் வடிவத்தோடு இராது. ஈரக்காற்றில் தோல் ஊறி மென்மையாவது இதற்கு மேலும் துணைபோகும்.

தட்டையானால் என்ன கெட்டுவிடும் என்று பலரும் கேட்பதுண்டு. கணக்குப் போட்டுப் பார்க்கும் வரை நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். பூல் பந்தின் விட்டம் 57.15 மி.மீ. வழுக்காதிருக்கத் தடவும் சாக்கை நன்றாகப் பூசிய டிப்கூட, பந்தின் மையத்திலிருந்து ஆரத்தில் ஏறத்தாழப் பாதிக்கு மேல், அதாவது 14 மி.மீட்டருக்கு மேல் விலகி அடித்தால் வழுக்கிவிடும். அந்த எல்லையில் பந்தின் பரப்பு 30 பாகை சாய்ந்திருப்பதால், டிப் பந்தைத் தொடும் புள்ளி டிப்பின் நடுவிலிருந்து அதன் வளைவு ஆரத்தில் பாதியளவு தள்ளி அமைகிறது. அமெரிக்க ஆட்டக்காரர்கள் இந்த வளைவை நிக்கல், டைம் என்னும் தங்கள் நாணயங்களின் பெயரால் குறிப்பிடுவார்கள். நிக்கலின் விட்டம் 21.2 மி.மீ.; 2011இல் வந்த நம் ஒரு ரூபாய் நாணயம் அதைவிடச் சற்றே பெரியது. நிக்கல் வளைவில் அந்தப் புள்ளி நடுவிலிருந்து 5.3 மி.மீ. தள்ளி விழும். 13 மி.மீ. அகலமுள்ள டிப்பின் விளிம்பு 6.5 மி.மீட்டரில் இருப்பதால் ஆபத்தில்லை. டிப் தட்டையாகி வளைவின் ஆரம் 13 மி.மீட்டரைத் தாண்டிவிட்டாலோ, பந்தில் படுவது விளிம்புதான். நாம் கையைக் குறை சொல்லும் மிஸ்கியூக்கள் (டிப் வழுக்கித் தவறும் அடிகள்) பல இப்படி நேர்பவையே.

ஆகவே நாணயத்தை டிப்பின் அருகே பிடித்து, வெளிச்சத்துக்கு எதிரே இரண்டு வளைவுகளையும் ஒப்பிட்டுப் பார்ப்பது நல்ல பழக்கம். வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாத வரை மேற்பரப்பை உப்புத்தாளால் தொடக் கூடாது. சாக் வழுக்கிக்கொண்டு பிடிக்க மறுத்தால், மேற்பரப்பு இறுகிப் பளபளப்பேறிவிட்டது என்று பொருள். முள் பதித்த கருவியால் மெல்லக் குத்திவிட்டால் போதும், தோல் சிறிதும் குறையாது. பக்கவாட்டில் பிதுங்கியதை மட்டும் தயங்காமல் நீக்கலாம். பூணின் மேல் காகித டேப் சுற்றி, மேலோட்டமாகச் சீவி, பின்னர் ஓரத்தை விரலால் லேசாக நனைத்து, தோல் துண்டால் சூடேறும் வரை வேகமாகத் தேய்த்தால், அது இறுகி அடுத்த விரிவைத் தாமதப்படுத்தும். ஈரம் மேற்பரப்பில் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சாக்கைப் பற்றியும் ஒரு சொல். பில்லியர்ட்ஸ் ஆட்டக்காரர் ஸ்பிங்ஸும் வேதியியலாளர் ஹாஸ்கின்ஸும் 1897இல் காப்புரிமை பெற்ற கலவையின் வழிவந்த இன்றைய சாக், பெயருக்குச் சுண்ணாம்பு என்றாலும், உண்மையில் சுண்ணாம்பே அன்று. சிலிக்காவும் அரைக்கும் தன்மையுள்ள குருந்தத் தூளும் கலந்தது. கட்டியில் குழி விழும்படி கியூவைத் திருகுபவர்கள் பூணையும் சேர்த்து அரைக்கிறார்கள். மெல்லத் தடவினால் போதும்.

விளிம்பில் தோலின் உயரம் ஒரு நாணயத்தின் தடிமனுக்கு இறங்கிவிட்டால் டிப்பை மாற்றிவிட வேண்டும். அதன் பிறகு அடியின் அதிர்ச்சி நேரே பூணில் இறங்கி அதை விரிசலடையச் செய்யும். நான் அந்த எல்லையைத் தாண்டியும் இரண்டு மாதம் ஆடியிருக்கிறேன். பூண் தப்பியது என் நல்ல நேரம். புதிய டிப் ஒட்டி ஐந்து நாளாகிறது. ஓரத்தை ஒருமுறை சீவியதோடு சரி, உப்புத்தாளை இன்னும் கையில் எடுக்கவில்லை.