டைனோசர் எலும்பு அகராதி வேலை

ஜூலை 6
இடுப்புப் பகுதிக்கு வந்தாச்சு. இலியம், இஸ்கியம், பியூபிஸ்னு மூணு எலும்பு, மூணும் சேர்ற இடத்துல தொடை எலும்போட தலை உட்கார்ற குழி, அதுக்குப் பேரு அசிட்டாபுலம். நம்ம இடுப்புல குழிக்கு உள்பக்கம் எலும்பு மூடியிருக்கும், டைனோசருக்கு அங்க ஓட்டை, இந்தப் பக்கம் பார்த்தா அந்தப் பக்கம் தெரியும். கால் பக்கவாட்டுல விரியாம உடம்புக்கு நேர் கீழ தூண் கணக்கா நின்னதால பாரமெல்லாம் குழியோட மேல் விளிம்புலதான் இறங்குது. "தொடை எலும்பு பொருந்தும் குழி"ன்னு ஒரு வரியோட விட்டா இதெல்லாம் எங்க போகும்? ஸ்கூல் பசங்க படிக்கப்போறது, அந்த எலும்பு என்ன வேலை செஞ்சுதுன்னு சொல்லியே ஆகணும்.

ஜூலை 7
அந்த ஓட்டையை நேர்ல பார்க்கத்தான் நாட்டுக்கோழி, இடுப்பை வெட்டாம முழுசா கேட்டு வாங்கினது. வெந்ததும் அந்தத் துண்டை மட்டும் எடுத்து பழைய டூத்பிரஷ்ஷால தேய்ச்சு ஜன்னல்கிட்ட தூக்கிப் பிடிச்சா குழி வழியா வெளிச்சம் வருது! பியூபிஸ் மெல்லிசா குச்சியா பின்பக்கம் போகுது. இந்த எலும்பு எந்தப் பக்கம் பார்க்குதுங்கறதை வெச்சுத்தான் 1887ல ஹாரி சீலிங்கற புதைபடிவ ஆய்வாளர் டைனோசர்களை ரெண்டா பிரிச்சார், முன்னாடி பார்த்தா பல்லி இடுப்பு, பின்னாடின்னா பறவை இடுப்பு. ஆனா பறவைங்க வந்தது டி.ரெக்ஸ் இருக்கற பல்லி இடுப்புக் கூட்டத்துலேர்ந்து, ட்ரைசெராடாப்ஸ் இருக்கற பறவை இடுப்புக் கூட்டத்துலேர்ந்து இல்ல. கண்டிப்பா குழம்புவாங்க, அதனால ரெண்டு இடத்துலயும் விளக்கி எழுதிட்டேன், பக்கம் கூடினா கூடட்டும்.

ஜூலை 10
கழுத்து விலா, வால் எலும்பு முடிஞ்சுது.

ஜூலை 13
கால் எலும்புக்கு உதாரணம் தேடும்போது மனசு அரியலூர் கல்லமேட்டுக்குத்தான் போகுது. அங்க கிடைச்ச ப்ருஹத்காயோசாரஸ்ங்கற டைனோசருக்கு முழங்காலுக்குக் கீழ இருக்கற எலும்பு மட்டுமே 2 மீட்டர்னு அதை ஆராய்ஞ்ச யாதகிரியும் அய்யாசாமியும் எழுதியிருக்காங்க. அந்த எலும்புங்க நொறுங்கிப்போச்சு, இன்னைக்கு திரும்ப அளந்து பார்க்க வழியில்ல. நம்ம மண்ணுல கிடைச்சதுன்னு நினைக்கும்போது ரொம்ப வருத்தமா இருக்கு. ஆனா அகராதியில உதாரணம்னா போய்ப் பார்க்கற மாதிரி இருக்கணும், அதனால பராபாசாரஸ்ங்கற டைனோசர்தான். கோதாவரிப் பக்கம் தோண்டி எடுத்தது, 1975ல பேர் வெச்சாங்க, தொடை எலும்பு சுமார் 1.7 மீட்டர், கொல்கத்தா இந்தியப் புள்ளியியல் நிறுவனத்துல எலும்புக்கூடா நிக்குது. கல்லமேட்டுக்கு பின்னிணைப்புல தனியா ஒரு பக்கம் குடுத்துடலாம், அங்க பழைய படங்களைப் போடலாம். அடுத்தது மண்டை ஓடு, கண்ணுக்கு முன்னாடி இருக்கற துவாரத்துலேர்ந்து ஆரம்பிக்கணும்.