ஒரே ஆளின் மூன்று தாள்கள்

மார்ச் 3, ஞாயிறு, பெர்லின்

காலையில் பழம்பொருள் சந்தையில் கடிதக் கட்டுகளைக் கிளறிக்கொண்டிருந்தபோது இரண்டு தாள்கள் கிடைத்தன. நாலாக மடித்து வைத்திருந்தவை. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் படையில் இருந்த ஒருவருக்குக் கொடுத்தவை. ஒன்று 1941-42 கிழக்குப் போர்முனைக் (ரஷ்யப் பக்கம்) குளிர்காலப் பதக்கத்துக்கான சான்று. மற்றது இரண்டாம் வகுப்பு இரும்புச் சிலுவை என்ற வீரப் பதக்கத்துக்கானது; அடியில் 6ஆம் காலாட்படை டிவிஷன் தளபதி ஹோர்ஸ்ட் குரோஸ்மனின் கையெழுத்து. இரண்டிலும் ஒரே சிப்பாயின் பெயர். அதை இங்கே எழுதப்போவதில்லை. அவர் வீட்டார் எங்காவது இருக்கலாம்.

பதக்கங்கள் எங்கே என்று கடைக்காரரிடம் கேட்டேன். போன மாதமே விற்றுவிட்டதாம். காயச் சின்னத்துக்கான (போரில் காயம்பட்டவருக்குக் கொடுப்பது) தாள் ஒன்றும் இருந்ததாம், அது வேறொரு வியாபாரி கைக்குப் போய்விட்டதாம். பிரித்து விற்றால் காசு கூடுதல். இதுதான் எனக்குப் பொறுக்காதது. அந்தப் போரில் இரண்டாம் வகுப்புச் சிலுவை இருபது லட்சத்துக்கும் மேல் கொடுத்திருக்கிறார்கள். எதிலும் பெயர் பொறிக்க மாட்டார்கள். யாருக்கு, எந்தப் படையில், எந்தத் தேதியில் என்று சொல்ல இந்தத் தாளை விட்டால் வேறு நாதியில்லை.

பேரம் பேசாமல் 70 யூரோ கொடுத்து வாங்கி வந்தேன்.

மார்ச் 5, செவ்வாய்

இரவு அறையை இருட்டாக்கிப் புற ஊதா விளக்கில் பார்த்தேன். இந்தத் துறையில் போலி மலிந்து கிடக்கிறது. போருக்குப் பிறகு வந்த காகிதங்களில் வெளுப்பூட்டும் ரசாயனம் சேர்ப்பது வழக்கமாகிவிட்டதால் அவை இந்த வெளிச்சத்தில் நீலம் கலந்த வெள்ளையாகப் பளிச்சிடும். என் தாள்கள் மங்கலாகவே கிடந்தன. அது மட்டும் போதாது, பழைய வெற்றுத்தாளில் புதிதாக அடிக்கிறவர்களும் உண்டு. பின்பக்கத்தை விரல் நுனியால் தடவினேன்: தட்டச்சு எழுத்துகள் மேடு மேடாகத் தட்டுப்பட்டன. தேதியின் முற்றுப்புள்ளி விழுந்த இடத்தில் ஊசி குத்தியதுபோல் ஓட்டை. கையெழுத்து அச்சில்லை, மை. கோடு இறங்குமிடத்தில் கனத்து, ஏறுமிடத்தில் மெலிகிறது. மேல் இடது மூலையில் பேப்பர் கிளிப்பின் துரு, கொண்டை ஊசி வடிவில்.

முத்திரையில் கழுகும் ஸ்வஸ்திகாவும் இருப்பதால் படம் போடவில்லை.

மார்ச் 16, சனி

இன்று முழுக்க இதுதான். ஜெர்மன் போர்க் கல்லறைப் பராமரிப்புச் சங்கம் (1919இல் தொடங்கியது) இணையத்தில் தேட வசதி வைத்திருக்கிறது. பெயரையும் பிறந்த தேதியையும் கொடுத்தேன். ரஷ்யாவில் ர்ஷெவ் என்ற ஊர் அருகே இறந்திருக்கிறார், 1942 ஆகஸ்ட்.

குளிர்காலப் பதக்கத் தாளை மறுபடி எடுத்துப் பார்த்தேன். அதில் தேதி 1942 செப்டம்பர். இறந்து மூன்று வாரம் ஆனவருக்கு யாரோ ஓர் எழுத்தர் உட்கார்ந்து பெயரைத் தட்டச்சு செய்திருக்கிறார். பதக்கமே அந்த ஆண்டு மே 26இல்தான் அறிவிக்கப்பட்டது: நவம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரையான பனியில் 14 நாள் சண்டையில் நின்றிருந்தால் போதும். சிப்பாய்களே அதை 'உறைந்த இறைச்சிப் பதக்கம்' என்றார்கள். இந்தத் தாளை அவர் பார்க்கவேயில்லை. பிரித்துப் பார்த்தது அம்மாவோ, மனைவியோ.

ர்ஷெவைப் பற்றியும் இதே கோப்பில் எழுதி வைக்கிறேன். 1941 அக்டோபரில் ஜெர்மானியர் பிடித்த ஊர் அது. 1943 மார்ச் 3இல் மீண்டபோது, போருக்கு முன் ஐம்பதாயிரம் பேர் வாழ்ந்த அந்த ஊருக்குள் மிஞ்சியவர்கள் சில நூறு பேர்தான். பட்டினி, தூக்கு, போர்க்கைதி முகாம். இந்தச் சிலுவை அங்கே சம்பாதித்தது. அதைச் சொல்லாமல் இந்தத் தாள்களைப் பத்திரப்படுத்த எனக்கு மனசு ஒப்பாது.

ஏப்ரல் 11, வியாழன்

ரைனிக்கன்டார்ஃபில் உள்ள கூட்டாட்சி ஆவணக் காப்பகப் பிரிவுக்கு விண்ணப்பம் அனுப்பினேன். 1939இல் தொடங்கிய படைவீரர் தகவல் அலுவலகம்தான் அது. 2019இல் காப்பகத்தோடு இணைந்தது. அடையாளத் தகடு எண், இறந்த விவரம் எல்லாம் அங்கே இருக்க வேண்டும்.

ஜூன் 22, சனி

கிடைத்துவிட்டது!

வேறொரு வியாபாரியின் பெட்டியில், பிளாஸ்டிக் உறைக்குள், 45 யூரோ. கறுப்புக் காயச் சின்னத்துக்கான அந்தத் தாள், 1942 பிப்ரவரி. அச்சடித்த படிவத்தில் 'காயம் – உடற்சேதம்' என்று இரண்டு சொல் இருக்கும், பொருந்தாததை அடித்துவிடுவார்கள். இதில் 'காயம்' என்ற சொல்லின் மேல் வரிசையாக x. எனவே குண்டு இல்லை. அந்தப் பிப்ரவரியில் பனிதான் கால்விரலையோ கையையோ தின்றிருக்கும் என்று நினைக்கிறேன்.

வீட்டுக்கு வந்து மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக மேசை விளக்கின் முன் பிடித்தேன். மேல் இடது மூலையில் அதே துரு. மூன்றிலும் அதே வளைவு, அதே இடம். ஒரே கிளிப்பில் பல வருஷம் ஒரே வீட்டில் கிடந்திருக்கின்றன. கண் கலங்கிவிட்டது.

அமிலமில்லாத உறையில் மூன்றையும் சேர்த்து வைத்தேன். கிளிப் போடவில்லை. ரைனிக்கன்டார்ஃபிலிருந்து இன்னும் பதில் இல்லை.