‘ஹைவே’ ஆல்பத்தோடு கிடார் பயிற்சி: இதுவரை வந்த தூரம்

ஃப்ரீ என்ற பிரிட்டிஷ் ராக் பேண்டைச் சொன்னாலே ‘ஆல் ரைட் நவ்’தான் எல்லோருக்கும் ஞாபகம் வரும். 1970இல் பிரிட்டனின் விற்பனைப் பட்டியலில் இரண்டாம் இடம் வரை போன பாட்டு. அதே வருடம் டிசம்பரில் வந்த அவர்களுடைய ‘ஹைவே’ ஆல்பத்தைப் பற்றி ப்ளூஸ் ராக் பிரியர்கள்கூட அதிகம் பேசுவதில்லை. பிரிட்டனில் 41ஆம் இடத்தைத் தாண்டவில்லை. அதிலிருந்து தனிப்பாட்டாக வந்த ‘தி ஸ்டீலர்’ அங்கே பட்டியலிலேயே ஏறவில்லை. 1971இல் பேண்டே கலைந்தது (மறுவருடம் திரும்பச் சேர்ந்தார்கள், அது வேறு கதை). இன்னொரு ‘ஆல் ரைட் நவ்’வை எதிர்பார்த்து வாங்கியவர்களுக்கு அடங்கிய, நிதானமான பாட்டுகள் கிடைத்தால் ஏமாற்றம்தானே. எனக்கு அந்த நிதானம்தான் பிடித்தது. சரி, பயிற்சிக்கு இதையே வைத்துக்கொள்ளலாம் என்று உட்கார்ந்தேன்.

‘தி ஸ்டீலர்’ ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் சின்ன கிடார் வரி) சீக்கிரமே கைக்கு வந்தது. போனில் பதிவு செய்து கேட்டபோதுதான் தெரிந்தது, நோட்டு எல்லாம் சரி, நடுவில் வரும் வெறுமை சரியில்லை. வலது உள்ளங்கையை வைத்துக் கம்பியை அடக்கினால் ‘டப்’ என்று ஒரு சத்தம் கூடவே வருகிறது. இடது கை விரலைத் தூக்காமல் அழுத்தத்தை மட்டும் விட்டால் ஒலி சுத்தமாக நிற்கிறது. ஆம்ப்பில் (கிடார் ஒலிபெருக்கியில்) கெயினையும், அதாவது ஒலியைக் கரகரப்பாக்கும் அளவையும், பாதியாகக் குறைத்தேன். கெயின் கூடினால் அந்த வெறுமையில் இரைச்சல்தான் நிரம்புகிறது.

இப்போது பெரும்பாடு ஃப்ரீயின் கிடாரிஸ்ட் பால் கொஸாஃபின் வைப்ரேட்டோ, அதாவது ஸ்வரத்தை நடுங்கவைக்கும் வித்தை. லெஸ் பால் கிடாரும் மார்ஷல் ஆம்ப்பும் அவருடைய அடையாளம் என்பார்கள். ஆனால் அந்த நடுக்கம் எந்தக் கருவியிலும் இல்லை, மணிக்கட்டில்தான் இருக்கிறது. மோதிர விரலால் கம்பியை முழு ஸ்வரம் ஏற்றி, ஆள்காட்டி விரலின் அடிப்பகுதியைக் கிடாரின் கழுத்தில் ஊன்றி, மணிக்கட்டைத் திருப்பித் திருப்பி ஆட்ட வேண்டும். ஒவ்வோர் ஆட்டத்திலும் ஏற்றிய சுருதிக்கே திரும்பி வர வேண்டும். அவர் வேகமாகவும் அகலமாகவும் ஆட்டுவார். நான் வேகத்தைக் கூட்டினால் அகலம் சுருங்கிவிடுகிறது. அதனால் தாளம் தட்டும் மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60 தட்டில் வைத்து, ஒரு தட்டுக்கு இரண்டு ஆட்டம் என்று ஆரம்பித்தேன். இப்போது மூன்று ஒழுங்காக வருகிறது. நான்கு வைத்தால் சுருதி சரிகிறது. கம்பியையும் பத்தாம் தடிமனிலிருந்து மெல்லிய ஒன்பதுக்கு மாற்றினேன்; விரல்நுனி எரிச்சல் குறைந்தது.

இதே ஆல்பத்தின் ‘பி மை ஃப்ரெண்ட்’டில் பேண்டின் பாஸ் கிடாரிஸ்ட் ஆண்டி ஃப்ரேஸரின் பாஸை மட்டும் தனியாகக் கவனித்துக் கேட்டேன். அவர் வாசிக்காமல் விடும் இடங்களைக் குறித்துக்கொண்டால் கிடாருக்கு எங்கே இடம் என்று புரிந்துவிடுகிறது. ‘ஆல் ரைட் நவ்’ சரணங்களில் பாஸே கிடையாது, அதுவும் இதே புத்திதான். ஆல்பம் வெளிவந்தபோது ஃப்ரேஸருக்கு 18 வயது, கொஸாஃபுக்கு 20. அந்த வயதில் கையைக் கட்டிக்கொண்டு நிற்க எப்படித்தான் முடிந்ததோ! ஃப்ரீயின் பால் ராட்ஜர்ஸ் மாதிரி ஒரு பாடகர் முன்னால் நின்றால் முடியும் போலிருக்கிறது.

அடுத்து ‘ரைட் ஆன் எ போனி’. அதன் பாஸை முதலில் கிடாரின் தடித்த, கீழ்ச் சுருதிக் கம்பிகளிலேயே வாசித்துப் பார்த்துவிட்டு, அப்புறம்தான் கொஸாஃபின் பகுதிக்குப் போகப்போகிறேன்.