மதியழகனின் பதினான்கு நாட்கள்

சட்டப்பேரவைத் தலைவருக்கு வானளாவிய அதிகாரம் உண்டு என்று 1980-களில் சபாநாயகராக இருந்த பி.எச். பாண்டியன் சொன்னது இன்றும் தமிழ்நாட்டில் மேற்கோளாகப் புழங்குகிறது. பேரவைச் செயலக மேசையில் வேலை பார்த்தவர்களுக்கு அதைக் கேட்டதும், சபாநாயகரை நீக்கும் வழியைச் சொல்லும் அரசியல் சட்டத்தின் 179-ஆம் பிரிவு நினைவுக்கு வரும். அந்த வானத்துக்கும் கூரை உண்டு. 1972-ல் அதில் போய் முட்டியவர் அப்போதைய சபாநாயகர் கே.ஏ. மதியழகன்.

உடுமலைப்பேட்டைப் பக்கம் கணியூர்க்காரர். 1949-ல் திமுக பிறந்தபோது அண்ணா, நெடுஞ்செழியன், ஈ.வெ.கி. சம்பத், என்.வி. நடராசன் ஆகியோரோடு ஐம்பெரும் தலைவர்களில் ஒருவராக எண்ணப்பட்டவர். 1967-ல் அண்ணாவின் அமைச்சரவையில் உணவுத் துறை அவரிடம் வந்தது. ரூபாய்க்கு ஒரு படி அரிசி என்று மேடையில் சொன்னதைக் கடையில் செய்து காட்ட வேண்டிய துறை அது. பிறகு நிதித் துறையையும் பார்த்தார். 1971 தேர்தலில் 234 இடங்களில் 184-ஐ திமுக பிடித்தபோது, அவருக்குக் கிடைத்தது பேரவைத் தலைவர் பதவி.

மூத்த அமைச்சரை சபாநாயகராக்குவது எல்லாக் கட்சிகளிலும் நடப்பதுதான். மரியாதை வரிசையில் அது ஏற்றம், அரசியலில் இறக்கம். துறை இல்லை, கோப்பு இல்லை, மாவட்டச் சுற்றுப்பயணம் இல்லை, கட்சி மேடையும் கிடையாது. நேற்று வரை பதில் சொன்னவர் இன்று மற்றவர்கள் பேச நேரம் ஒதுக்கிக் கொடுக்க வேண்டும். நல்ல பேச்சாளர்களுக்கு இது பெரிய தண்டனை. மதியழகன் நல்ல பேச்சாளர்.

அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர் கையில் உண்மையில் இருப்பது என்ன? யார் பேசுவது, எவ்வளவு நேரம் என்று தீர்மானிக்கலாம். சொன்ன சொல்லை அவைக்குறிப்பிலிருந்து நீக்கலாம். உரிமைப் பிரச்சினையை எடுக்கலாம், விடலாம். அமளி செய்பவரை அவைக்காவலர்களை வைத்து வெளியேற்றலாம். ஒரு மசோதா பண மசோதாவா என்று அவர் தரும் சான்றே முடிவு. ஓட்டு சமமாக விழுந்தால் மட்டும் அவரும் ஓட்டுப் போடுவார். அவருடைய சம்பளம்கூட அவையின் ஓட்டுக்குப் போவதில்லை, தொகுப்பு நிதியிலிருந்து நேராக வருகிறது. அவையைக் கலைத்த பிறகும், அடுத்த பேரவை முதன்முதலாகக் கூடும் வரை பதவியில் இருப்பார். இவ்வளவும் அவையை நடத்தும் அதிகாரம். அவையைக் கூட்டுவதும் கூட்டத்தொடரை முடித்துவைப்பதும் 174-ஆம் பிரிவின்படி ஆளுநர் கையில் இருக்கின்றன. ஆளுநர் அமைச்சரவை சொல்வதைக் கேட்டுத்தான் அதைச் செய்வார். சபாநாயகரால் முடிந்தது ஒத்திவைப்பு மட்டும். வெளியே இந்த வித்தியாசம் தெரிவதில்லை. தொல்லையெல்லாம் இங்கேதான் தொடங்குகிறது.

1972 அக்டோபரில் எம்.ஜி.ஆர். திமுகவிலிருந்து நீக்கப்பட்டார். நவம்பர் 13-ஆம் தேதி பேரவை கூடியபோது மதியழகன், முதலமைச்சர் கருணாநிதி அவையைக் கலைத்துவிட்டு மக்களிடம் போய்த் தீர்ப்புக் கேட்க வேண்டும் என்ற நிலையெடுத்து, அவையை டிசம்பருக்கு ஒத்திவைத்தார். ஆளுங்கட்சியின் பெரும்பான்மை அப்போதும் குலையவில்லை. கணக்குத் தெரிந்த எவருக்கும் அன்று மாலையே முடிவு தெரிந்திருக்கும்.

ஏனென்றால் இந்த ஆட்டத்தை வேறு இரண்டு மாநிலங்கள் ஏற்கெனவே ஆடி முடித்திருந்தன. 1967 நவம்பரில் மேற்கு வங்கத்தில் அஜய் முகர்ஜி அமைச்சரவையை ஆளுநர் நீக்கியது செல்லாது என்று சொல்லி, சபாநாயகர் பிஜய் பானர்ஜி அவையைக் காலவரையின்றி ஒத்திவைத்தார். 1968-ல் பஞ்சாபில் ஜோகிந்தர் சிங் மான் அமளியின் நடுவே இரண்டு மாதத்துக்கு ஒத்திவைத்தார். பஞ்சாப் ஆளுநர் கூட்டத்தொடரை முடித்துவைத்து, உடனே புதிதாகக் கூட்டினார். முடித்துவைத்தவுடன் ஒத்திவைப்பும் காலாவதியாகிறது. அது சரிதான் என்று சத்யபால் டாங் வழக்கில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. ஆக, 1972-க்குள் ஒத்திவைப்பு என்ற ஆயுதத்தின் ஓட்டை எல்லாருக்கும் தெரிந்த விஷயம். அதே வழியில் சென்னையில் ஆளுநர் கே.கே. ஷா அவையை டிசம்பர் 2-ஆம் தேதிக்குக் கூட்டினார்.

இனி 179-ஆம் பிரிவு. சபாநாயகரை நீக்கும் தீர்மானத்துக்குப் பதினான்கு நாள் முன்னறிவிப்பு வேண்டும். அது ஒரு நாள் குறைந்தாலும் தீர்மானம் செல்லாது. செயலாளர் அலுவலகத்தில் கடிதம் பதிவான தேதியும் நேரமும் அதனால்தான் அவ்வளவு முக்கியம். அன்று வந்து உட்கார்ந்தவர்களில் பெரும்பான்மை என்பதெல்லாம் இதற்குப் போதாது. காலியிடங்களைக் கழித்த மொத்த உறுப்பினர் எண்ணிக்கையில் பாதிக்கு மேல் ஆதரவு வேண்டும். வராமல் இருப்பவரும் சபாநாயகருக்குத்தான் உதவுகிறார். சபாநாயகர்கள் கொஞ்சமாவது நிம்மதியாகத் தூங்குவது இந்த விதியை நம்பித்தான். அவ்வளவு பெரிய பெரும்பான்மை எதிரே இருக்கும்போது இதுவும் கைகொடுக்காது.

181-ஆம் பிரிவு இன்னும் நறுக்கானது. நீக்கத் தீர்மானம் விவாதத்தில் இருக்கும் நேரத்தில் சபாநாயகர் அவையில் இருக்கலாம், தன் பக்கத்தைப் பேசலாம், உறுப்பினராக ஓட்டும் போடலாம். தலைமை வகிக்க மட்டும் கூடாது. டிசம்பர் 2 அன்று மதியழகன் நாற்காலியை விடவில்லை. துணைத் தலைவர் பெ. சீனிவாசன் (1967-ல் விருதுநகரில் காமராஜரைத் தோற்கடித்தவர்) முன்னால் இன்னொரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து அவையை நடத்தினார். ஒரே மன்றத்தில் ஒரே நேரத்தில் இரண்டு சபாநாயகர்கள், இரண்டு வகை உத்தரவுகள். எம்.ஜி.ஆர். வெளியேறினார், மதியழகன் நீக்கப்பட்டார்.

மதியழகனின் அரசியல் நியாயம் எதுவாக இருந்தாலும், நடைமுறையில் அவர் தன் வலுவான இடத்தை விட்டு வலுவற்ற இடத்தில் நின்றார் என்பதே எங்கள் கருத்து. கீழே இறங்கி உறுப்பினர் இருக்கையிலிருந்து பேசியிருந்தால், 181-ஆம் பிரிவு தந்த உரிமையோடு, யாரும் தடுக்க முடியாத ஒரு பேச்சு அவைக்குறிப்பில் ஏறியிருக்கும். மேலே உட்கார்ந்து கத்தியது கூச்சலாக மட்டுமே நினைவில் நிற்கிறது. அதன்பின் சில மாதங்கள் சீனிவாசனே பொறுப்பைப் பார்த்தார். 1973-ல் புலவர் கோவிந்தன் மறுபடியும் சபாநாயகரானார்.

முறைப்படி நடந்தால் இது எவ்வளவு சாதாரணமான வேலை என்பதற்கு 2017 மார்ச் சாட்சி. ப. தனபால் மீது திமுக கொண்டுவந்த தீர்மானம் எடுக்கப்பட்டதும் அவர் எழுந்து வெளியே போனார், துணைத் தலைவர் பொள்ளாச்சி ஜெயராமன் உட்கார்ந்தார். 97 பேர் ஆதரவு, 122 பேர் எதிர்ப்பு. 2025 மார்ச்சில் மு. அப்பாவு மீது அதிமுக கொண்டுவந்தபோது கு. பிச்சாண்டி நடத்தினார்; 63-க்கு 154. எண்ணிப் பார்க்கும் முறை பழையதுதான். மணி அடித்து, கதவுகளைச் சாத்தி, ஒவ்வொரு பகுதியாக ஆதரிப்போர், எதிர்ப்போர், நடுநிலையாளர் என்று எழுந்து நிற்கச் சொல்லி, அலுவலர்கள் எண்ணி எழுதுகிறார்கள். எண்ணும் நடுவில் யாராவது இடம் மாறி உட்கார்ந்தால் அந்தப் பகுதியைத் திரும்ப எண்ண வேண்டியதுதான்.

1985-ல் வந்த, கட்சித் தாவலைத் தடுக்கும் பத்தாவது அட்டவணை இந்தக் கணக்கில் இன்னொரு வரியைச் சேர்த்தது. சபாநாயகராகத் தேர்வானதற்காகக் கட்சியை விட்டு விலகினால் உறுப்பினர் பதவி போகாது. பொறுப்பு முடிந்ததும் திரும்பச் சேர்ந்துகொள்ளலாம். ஆனால் அந்த நாற்காலியில் இருக்கும்போதே வேறு கட்சியில் சேர்ந்தால் பாதுகாப்பு இல்லை. மற்ற உறுப்பினர்களின் தகுதிநீக்கத்தை முடிவு செய்கிறவர் சபாநாயகர். சபாநாயகர் மீதே அந்தப் புகார் வந்தால், அவை தனக்குள் ஒரு உறுப்பினரைத் தேர்ந்தெடுத்து அவரிடம் முடிவை ஒப்படைக்க வேண்டும். அந்த உறுப்பினரை யார் தேர்ந்தெடுப்பார்கள் என்றால், மறுபடியும் அதே பெரும்பான்மைதான்.