லெமூருக்கு முன்னால் அரிசி: மடகாஸ்கரில் என் கள ஆய்வு

மடகாஸ்கருக்கு ஆய்வுக்குப் போக நினைக்கும் மாணவர்கள் என்னிடம் முதலில் கேட்பது அனுமதியைப் பற்றித்தான். அதையும் சொல்கிறேன். ஆனால் அதைவிட முக்கியமாக நான் சொல்ல நினைப்பது, போகும் ஊரில் எந்த மாதம் அரிசி தீர்ந்துபோகிறது என்று தெரியாமல் அங்கே காட்டையும் விலங்கையும் பற்றி எதுவும் எழுதிவிடாதீர்கள் என்பதுதான். முதுகலை ஆய்வுக்காக நான் தங்கியது தென்கிழக்கில், ரனோமஃபானா தேசியப் பூங்காவை ஒட்டிய தனாலா மக்களின் கிராமங்களில். காட்டுக்குள் குரங்குக்கு உறவான மூங்கில் லெமூர், வெளியே குடும்பங்களின் வரவு செலவு, இரண்டையும் சேர்த்துப் பார்ப்பதுதான் திட்டம்.

அனுமதிக்கு வருவோம். உள்ளூர்ப் பல்கலைக்கழகம் ஒன்றோடு ஒப்பந்தம் இல்லாமல் ஆய்வு அனுமதி கிடைக்காது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒப்பந்தம் முடிந்ததும் சுற்றுச்சூழல் அமைச்சகம், பூங்கா நிர்வாகம், அப்புறம் வட்டார அலுவலகம், கடைசியில் ஃபுக்குன்தானி எனப்படும் ஊர் அளவிலான நிர்வாகப் பிரிவின் தலைவர் என்று வரிசையாக இறங்கி வரவேண்டும். தாள்கள் எல்லாம் பிரெஞ்சு மொழியில். தலைநகரில் ஓர் அலுவலகத்தில் என் கோப்பு எந்த மேசையில் இருக்கிறது என்றே சொல்ல ஆள் இல்லாமல் நாட்கள் ஓடின. என்னோடு வேலை செய்த அந்நாட்டு மாணவி தினமும் போய் நின்றிருக்காவிட்டால் அது நகர்ந்தே இருக்காது. அவருடைய சம்பளத்தையும் தங்கும் செலவையும் உங்கள் நிதித் திட்டத்தில் முதலிலேயே எழுதிவிடுங்கள், மிச்சம் இருந்தால் தரலாம் என்று வைக்காதீர்கள். இன்னொன்று, லெமூர் இனங்கள் அத்தனையும், அழியும் நிலையில் உள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் இருப்பவை. ரத்த மாதிரி, முடி எதையும் தனி அனுமதி இல்லாமல் நாட்டுக்கு வெளியே கொண்டுபோக முடியாது. பூங்காவின் ஓரத்திலேயே சென்டர் வால்பியோ ஆய்வு நிலையம் 2003 முதல் இருக்கிறது. முடிந்த வேலையை அந்த நாட்டிலேயே முடிப்பது நல்லது, அங்குள்ள மாணவர்களுக்கும் அதில் பயிற்சி கிடைக்கும்.

ஊருக்குள் போவது தனிக்கதை. பெரியவர்கள் கூடி உட்கார, உள்ளூர்ச் சாராயத்தில் கொஞ்சம் முன்னோர்களுக்கு என்று தரையில் ஊற்றி, அதன்பிறகு நீண்ட பேச்சு. என் சார்பில் அந்த மாணவிதான் பேசினார். அவர்களுக்கு இருந்த ஒரே சந்தேகம், நான் பூங்கா அனுப்பிய ஆளா, நிலத்தை அளக்க வந்தேனா என்பதுதான். அந்தச் சந்தேகத்துக்குக் காரணம் இருக்கிறது. பொன்மூங்கில் லெமூர் என்ற இனம் 1986இல் இந்தக் காட்டில்தான் அறிவியலாளர்கள் கண்ணில் பட்டது. அமெரிக்க லெமூர் ஆய்வாளர் பாட்ரிசியா ரைட் உள்ளிட்டவர்கள் எடுத்த முயற்சியில் 1991இல் பூங்கா உருவானது. அதோடு காட்டை வெட்டி எரித்து மலைநெல் விதைக்கும் 'தாவி' முறைக்கு எல்லைக்குள் இடமில்லாமல் போனது. காட்டை எரிக்காதே என்று பிரெஞ்சு ஆட்சிக்கு முன் இருந்த மெரினா அரசு 1881 சட்டத்தொகுப்பிலேயே எழுதியது, பிறகு பிரெஞ்சுக்காரர்களும் தடை போட்டார்கள். பிரெஞ்சு ஆட்சிக்கு எதிரான 1947 கிளர்ச்சியை ராணுவம் நசுக்கியபோது இந்தத் தென்கிழக்கு மக்கள் ஓடி ஒளிந்ததும் இதே காட்டில்தான். வெளியிலிருந்து ஒருவர் குறிப்பேட்டோடு வந்தால் அவர்கள் யோசிக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

சரி, கேள்வித்தாள். "மாத வருமானம் எவ்வளவு" என்று கேட்டால் ஒன்றும் கிடைக்காது. "நேற்று எத்தனை கப்புவாக்கா சமைத்தீர்கள், அது எங்கிருந்து வந்தது" என்று கேட்டால் பேச்சு தானாக நீளும். கப்புவாக்கா என்பது காலியான கெட்டிப்பால் டின். நம் உழக்கு மாதிரி, நாடு முழுக்க அரிசி அளப்பது அதில்தான். கடைக்காரர் டின்னைக் குவித்துக் கொடுக்கிறாரா, விளிம்போடு தட்டிக் கொடுக்கிறாரா என்று நின்று பாருங்கள். அறுவடைக்குப் பிறகு கூம்பு நிற்கும், தட்டுப்பாட்டு மாதங்களில் அதே விலைக்கு விரலால் வழித்துவிடுவார்கள், அந்த விலையேற்றம் எந்தப் புள்ளிவிவரத்திலும் வராது. பணக் கணக்கிலும் கவனம் தேவை. 2005இல் ஃப்ராங்க் போய் அரியாரி வந்தது, 5 ஃப்ராங்க் ஓர் அரியாரி. வயதானவர்கள் இன்னும் ஃப்ராங்கில் விலை சொல்வார்கள், ஒவ்வொரு தொகைக்கும் எந்தப் பணம் என்று கேட்டுப் பக்கத்திலேயே குறித்துக்கொள்ள வேண்டும்.

மலைநெல்லுக்கு அக்டோபர், நவம்பரில் எரித்து, மழை தொடங்கியதும் விதைத்து, ஏப்ரலுக்குப் பிறகு அறுப்பார்கள். ஜனவரி முதல் மார்ச் வரைதான் பானை காலி. அப்போது மரவள்ளிக்கிழங்கு, கூலி வேலை, இல்லாவிட்டால் காடு: தேன், ஓடையில் பிடிக்கும் சின்னச் சிங்கி இறால் போன்ற ஒரு நன்னீர் இனம், சில இடங்களில் திருட்டுத்தனமாகத் தங்கம் அரிப்பது. புயலும் அதே மாதங்களில்தான் வரும். 2022 பிப்ரவரியில் பட்சிராய் புயல் மனன்சரிப் பக்கம் கரை ஏறியபோது இந்தப் பகுதியும் அடி வாங்கியது.

நான் கோபத்தோடு சொல்வது இதைத்தான். ஐரோப்பிய, அமெரிக்க மாணவர்களில் பெரும்பாலோர் வருவது ஜூன், ஜூலை, ஆகஸ்ட், அவர்களுடைய விடுமுறையில். பாதை காய்ந்திருக்கும், அட்டைக்கடி குறைவு, வீட்டில் நெல் இருக்கும், பேசுகிறவர்கள் முகம் தெளிவாக இருக்கும். அந்த மாதத்தில் எடுத்த கணக்கை வைத்துக்கொண்டு இந்தக் குடும்பம் காட்டை நம்பி இல்லை என்று எழுதிவிட்டுப் போகிறார்கள். அதே வீட்டில் பிப்ரவரியில் போய் உட்கார்ந்தால் கதையே வேறு.

லெமூருக்கும் மழைக்காலம்தான் முக்கியமான காலம், ஏனென்றால் மூங்கில் குருத்து அப்போதுதான் முளைத்துக் கிளம்புகிறது. வழிகாட்டியின் பின்னால் சேற்றில் ஏறி, மேலே உரிக்கும் சத்தம் கேட்டதும் நின்றுவிட வேண்டும். பொன்மூங்கில் லெமூர் குருத்தை இரண்டு கையாலும் இழுத்து, வாயின் ஓரத்துக்குக் கொண்டுபோய் மேல்தோலைப் பல்லால் கிழித்து எறிந்துவிட்டு, உள்ளே இருக்கும் வெளுத்த பகுதியை மட்டும் மெல்லும். உரித்த தோல் நம் தோளில் வந்து விழும். அந்தக் குருத்தில் சயனைடு இருக்கிறது. அந்த அளவு உடம்புள்ள விலங்கைக் கொல்லக்கூடிய அளவைப்போல் ஏறத்தாழ 12 மடங்கு அது தினமும் தின்கிறது, எப்படித் தாங்குகிறது என்பது இன்னும் முழுதாக விளங்கவில்லை. ஊர்க்காரர்களுக்கும் சுவர் கட்டவும் சாமான் செய்யவும் மூங்கில்தான் வேண்டும்.

எனக்கு வழிகாட்டியவரின் அப்பா தாவி செய்தவர். இவருக்குப் பூங்காவால் வேலை கிடைத்தது, பிள்ளைகள் படிக்கிறார்கள். சாலையோர ஊர்களில் இப்படிப் பலர் உண்டு. ஆனால் நாள் முழுக்க நடந்தால்தான் எட்டக்கூடிய உள்கிராமங்களில் நிலம் போனதுதான் மிச்சம், வேலை போய்ச் சேரவில்லை. பூங்கா வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன், அது இல்லாவிட்டால் அந்த லெமூருக்குப் போக்கிடம் இல்லை. இழப்பீடும் வேலையும் எங்கே போகவேண்டும் என்று முடிவு செய்கிறவர்கள் அந்த உள்கிராமங்களில் மழைக்காலத்தில் ஒருமுறையாவது தங்கவேண்டும் என்று மட்டும் சொல்வேன்.

கிளம்புவதற்கு முன் முடிவுகளை ஊரில் சொல்வதற்கு நாள் ஒதுக்குங்கள். நான் பெரிய தாளில் மாதவாரியாகக் கட்டம் போட்டு, அரிசி எப்போது, கிழங்கு எப்போது, காட்டுக்குப் போவது எப்போது என்று வரைந்து காட்டினேன். பெண்கள்தான் அதிகம் பேசினார்கள். பள்ளிக்குப் பணம் கட்டும் மாதத்தையும், பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வரும் மாதங்களையும் அதே தாளில் போடச் சொன்னார்கள். போட்டேன். அந்தத் தாளின் நகல் ஊரில் ஒன்று, பூங்கா அலுவலகத்தில் ஒன்று, மூன்றாவது அந்த மாணவியிடம். அவர் அதை வைத்துத் தன் சொந்த ஆய்வைத் தொடங்கியிருக்கிறார்.