அம்மாவின் அலமாரியில் ஹெரல்டு

2024 ஜூன் 20, வியாழன்

அம்மாவின் அலமாரியை இன்றுதான் காலி செய்யத் தொடங்கினேன். துணிகளை எடுத்தால் ஒவ்வொரு தட்டிலும் பழைய ஹெரல்டு விரித்திருக்கிறது, மலேசியக் கத்தோலிக்கரான எங்கள் பத்திரிகை. ஞாயிறு பூசை முடிந்ததும் கோயில் வாசலில் வாங்குவார். தமிழ்ப் பக்கத்தைப் படித்ததும் மீதி தட்டுக்குப் போய்விடும். நானும் அப்படித்தான். ஆங்கிலம், சீனம், மலாய், தமிழ் நான்கும் ஒரே இதழில் வந்தன. அவரவர் பக்கத்தோடு அவரவர் நிறுத்திக்கொண்டோம்.

1994-இல் தொடங்கிய வார இதழ். அச்சானது சுமார் 14,000 பிரதி. பத்துப் பேரில் ஒருவர்கூடக் கிறிஸ்தவராக இல்லாத மலேசியாவில், கோயில் வாசலோடு நின்றிருக்க வேண்டிய பத்திரிகை. அதை உச்ச நீதிமன்றம்வரை இழுத்தவை நாங்கள் படிக்காமல் புரட்டிய மலாய்ப் பக்கங்கள்.

ஜூன் 21, வெள்ளி

மலேசியாவின் சபா, சரவாக் மாநிலங்களில் மலாய் மொழியிலேயே செபிக்கும் கத்தோலிக்கர் ஏராளம். அவர்களுக்குக் கடவுள் 'அல்லா'. 1629-இல் அச்சான மலாய் மத்தேயு நற்செய்தியிலேயே அந்தச் சொல் இருக்கிறது. 1986-இல் உள்துறை அமைச்சு, முஸ்லிம் அல்லாதவர்களின் வெளியீடுகளில் அது உட்பட நான்கு சொற்களைத் தடுத்தது. பிறகு ஹெரல்டின் அச்சு உரிமத்துக்கும் அதே நிபந்தனை. பேராயர் மர்பி பாக்கியம் வழக்குப் போட்டார். 2009 டிசம்பர் 31-இல் நீதிபதி லாவ் பீ லான் ஹெரல்டுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தார்.

அடுத்த வாரமே கிறிஸ்தவக் கோயில்கள்மேல் தீக்குண்டு வீசினார்கள். அதிகம் எரிந்தது டேசா மெலாவாத்தியில் ஒரு பெந்தெகொஸ்தே சபை. பாவம், பத்திரிகைக்கும் அவர்களுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

ஜூன் 23, ஞாயிறு

2013-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தீர்ப்பைப் புரட்டியது. அந்தச் சொல் கிறிஸ்தவ விசுவாசத்தின் உயிர்நாடி இல்லையாம். எது எங்கள் விசுவாசம் என்று எங்களுக்கே நீதிமன்றம் சொன்னதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. 2014-இல் இதே ஜூன் 23, நாட்டின் உச்ச நீதிமன்றமான கூட்டரசு நீதிமன்றமும் மேல்முறையீட்டுக்கு அனுமதி மறுத்தது. ஏழு நீதிபதிகளில் நான்கு பேர் மறுப்பு, மூன்று பேர் ஆதரவு.

இன்று பத்து வருடம். பூசையில் யாருக்கும் நினைவில்லை. எனக்கும் அலமாரி சொல்லித்தான்.

ஜில் அயர்லாந்து என்ற சரவாக் பெண்ணிடம் 2008-இல் விமான நிலையத்தில் 'அல்லா' என்ற சொல் இருந்த எட்டு குறுந்தட்டுகளைப் பறித்த வழக்கில், 1986 தடையே செல்லாது என்று 2021-இல் உயர் நீதிமன்றம் சொன்னது. ஹெரல்டு தோற்ற தீர்ப்போ அப்படியே நிற்கிறது.

ஜூன் 25, செவ்வாய்

பாட்டி இடி இடித்தால் "சர்வேசுரா!" என்பார். நானூறு வருடத்துக்கு முன் மதுரையில் இத்தாலியக் குரு தெ நொபிலி எடுத்துக்கொண்ட சொல். அதற்குள் ஈசுவரன் இருக்கிறார். எங்களிடமிருந்து அதைப் பிடுங்க இங்கே யாரும் வரவில்லை. அதனால்தானோ என்னவோ, அடுத்த பக்கத்து மலாய்ச் சொல்லின் சண்டை எங்கள் சண்டையாகத் தோன்றவில்லை.

மடிப்பில் கிழிந்த ஒரு மலாய்ப் பக்கத்தை ஒட்டிவைத்து முழுதாகப் படித்தேன். பள்ளிக்கூட மலாய் போதுமானதாகத்தான் இருந்தது. தட்டுகளுக்கு வேறு காகிதம் வாங்க வேண்டும்.